கண்டதும் கருதியதும்: நோயாளி அறிக்கைகளை வாசிப்பது பற்றி

1842ஆம் ஆண்டில் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய கில் என்ற ஆங்கிலேய மருத்துவர், அப்பகுதி மக்களின் பாதங்களில் தாம் கண்ட ஒரு நோயைப் பற்றித் தமது அறிக்கையில் எழுதினார். பாதம் வீங்கி உருக்குலைந்து போவதையும், வீக்கம் பல இடங்களில் புரையோடித் துளை விழுவதையும், துளைகளின் வழியே நாற்றமுள்ள நீர் வடிவதையும், அந்தப் புரைகள் உள்ளே எலும்பு வரை இறங்கியிருப்பதையும் அவர் குறித்திருந்தார். 4 ஆண்டுகள் கழித்து, அதே ஊரில் பணியாற்றிய கோல்புரூக் இந்நோயை மதுரைக் கால் என்ற பெயரிலேயே எழுதினார். அந்தப் பெயர் உலக மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டது. நோயை உண்டாக்கும் பூஞ்சைப் பேரினம் ஒன்றுக்கு மதுரெல்லா என்றும், பாக்டீரியாப் பேரினம் ஒன்றுக்கு ஆக்டினோமதுரா என்றும் பிற்காலத்தில் பெயர் வைத்தவர்கள் மதுரையைப் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

நோய்க்குக் காரணம் என்னவென்று கில்லுக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் முடியாது. நுண்ணுயிரிகளால் நோய் வரும் என்ற கருத்தே அப்போது நிலைபெறவில்லை. பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வான்டைக் கார்ட்டர் 1860களில் இது பூஞ்சையால் வருவது என்று வாதிட்டு, 1874இல் தனி நூலே எழுதினார். (மருத்துவ மாணவர்கள் அனைவரும் அறிந்த கிரேயின் உடற்கூற்று நூலுக்கு 1858இல் படங்கள் வரைந்தவரும் இந்தக் கார்ட்டர்தான், படங்களைப் போற்றுகிறவர்கள் வரைந்தவரை நினைப்பதில்லை.) அவர் சொன்னதும் பாதிதான் சரி. சில நோயாளிகளுக்குப் பூஞ்சையும் வேறு சிலருக்குப் பாக்டீரியாவும் காரணம் என்பதும், முன்னதற்குப் பூஞ்சைக்கொல்லி மருந்தும் பெரும்பாலும் அறுவை சிகிச்சையும் வேண்டும், பின்னது நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கே பெரிதும் அடங்கும் என்பதும் பிறகு தெளிந்தவை. உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016இல்தான். ஆக, காரணம் பற்றிய விளக்கம் இத்தனை முறை திருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் வெறுங்காலோடு வயலில் நின்று உழைத்த ஒருவர் இன்று புறநோயாளிப் பிரிவின் பெஞ்சில் அமர்ந்து காலை நீட்டினால், கில் எழுதிய வரிகளில் ஒன்றைக்கூடத் திருத்த வேண்டியிருக்காது.

பொது மருத்துவத் துறையில் முதுநிலை மாணவர்களுக்குப் பாடம் சொல்வது என் வேலை. அவர்கள் எழுதும் கேஸ் ரிப்போர்ட் (தனி நோயாளி பற்றிய அறிக்கை) வரைவுகள் திருத்தத்திற்காக என் மேசைக்கு வரும். ஒவ்வொரு வரைவையும் இரண்டு நிறப் பேனாக்களோடு வாசிப்பது என் வழக்கம்: நோயாளியிடம் கண்டதையும் கேட்டதையும் சொல்லும் வாக்கியங்களுக்கு நீலம், அவற்றிலிருந்து எழுதியவர் கருதியதைச் சொல்லும் வாக்கியங்களுக்குச் சிவப்பு. பெரும்பாலான வரைவுகளில் நீலம் அரைப்பக்கம், சிவப்பு மூன்று பக்கம். ஓர் அறிக்கையின் ஆயுள் நீலக் கோடிட்ட வரிகளைப் பொறுத்தது என்றும், சிவப்பு வரிகள் எவ்வளவு அடக்கமாக இருக்கின்றனவோ அவ்வளவுக்கு நீல வரிகளை நம்பலாம் என்றும் நான் கருதுகிறேன். இக்கட்டுரை முழுவதும் அந்த ஒரு கருத்தைப் பற்றியதே.

மதுரைக் காலையே எடுத்துக்கொள்வோம். "பாதத்தில் புரையோடிய புண்கள் உள்ளன, கசிவு உண்டு" என்று எழுதுவதும் ஒரு விவரிப்புதான். ஆனால் முதல் நாள் இரவு புண்ணின் மேல் காஸ் துணியைக் கட்டி, மறுநாள் காலை அதை மெல்லப் பிரித்து வெளிச்சத்தில் பார்க்கும் மாணவனுக்குத் துணியில் ஒட்டியிருக்கும் குருணைகள் தெரியும். கடுகைவிடச் சிறியவை, சிலருக்குக் கறுப்பு, சிலருக்கு வெள்ளை அல்லது மஞ்சள், அரிதாகச் சிவப்பு. கறுப்பென்றால் பூஞ்சை, சிவப்பென்றால் பாக்டீரியா, வெள்ளையும் மஞ்சளும் இரண்டிலும் வரலாம், ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். "கசிவு உண்டு" என்று எழுதியவன் எதையும் தவறாக எழுதவில்லை. ஆனால் எந்த மருந்தைத் தொடங்குவது என்ற கேள்விக்கு அவன் அறிக்கையில் இடமே இல்லாமல் போய்விட்டது.

மருத்துவச் சான்றுகளை ஒரு பிரமிடாக வரைந்து, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தும் சோதனைகளையும் அவற்றின் தொகுப்புகளையும் உச்சியில் வைத்து, தனி நோயாளி அறிக்கையை அடித்தட்டில் வைப்பது வழக்கம். அதில் எனக்கு வழக்கில்லை. ஒரு நோயாளி ஒரு மருந்தை உண்டு குணமானார் என்றால், மருந்தில்லாமலே குணமாகியிருப்பாரா என்று அந்த அறிக்கையால் சொல்ல முடியாது. குணமாகாத பத்துப் பேரைப் பற்றி யாரும் எழுதியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் அந்தப் பிரமிடு "இச்சிகிச்சை பலனளிக்குமா" என்ற கேள்விக்காகக் கட்டப்பட்டது. "இது என்ன, இதற்கு முன் யாரேனும் கண்டதுண்டா" என்ற கேள்விக்கு அதில் படிக்கட்டே கிடையாது.

இந்த எழுத்து வகை மிகப் பழையது. எகிப்தில் கிடைத்த எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுருளில் 48 நோயாளிகளின் காயங்கள் தலையிலிருந்து கீழ்நோக்கி வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் "நான் குணப்படுத்தக்கூடியது", "நான் போராடிப் பார்க்கக்கூடியது", "குணப்படுத்த இயலாதது" என்ற மூன்றில் ஒரு தீர்ப்பு உண்டு. பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸ் மரபின் தொற்றுநோய் ஏடுகளில் வரும் 42 நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துபோனவர்கள். இன்றைய இதழ்களைப் புரட்டினால் ஏறக்குறைய எல்லோரும் "நலமுடன் வீடு திரும்பினார்". நம் சிகிச்சை அத்தனை மேம்பட்டுவிட்டது என்பது மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் நம்பவில்லை.

நீல வரிகளை எப்படிச் சேகரிப்பது என்பதற்கு எங்கள் வார்டிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். ஆரம்பப் பள்ளி வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிய குறிப்பில், "குளிக்கும்போது வலிப்பு வருகிறது" என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். மூளை ஸ்கேனில் குறையில்லை, காய்ச்சலும் இல்லை. அவரைத் திரும்பிப் போய்க் குளியலைப் பற்றி மட்டும் கேட்டு வரச் சொன்னேன். அன்று மாலை நானும் உடன் நின்றேன். சிறுவனின் தாய் முதலில் தயங்கினார். பிள்ளையைச் சரியாகக் குளிப்பாட்டத் தெரியவில்லை என்று குற்றம் சொல்லப்போகிறோம் என நினைத்திருக்க வேண்டும். பிறகு சொன்னார்: "மேலுக்கு ஊத்துனா ஒண்ணும் பண்ணாது டாக்டரம்மா. சனிக்கிழமை எண்ணெ தேச்சுத் தலைக்கு ஊத்துறப்பதான். வெந்நி நல்லா சூடா இருக்கணும், இல்லேன்னா சிக்குப் போகாதுல்ல. நாலஞ்சு செம்பு ஊத்தினதும் அப்படியே ஒரு பக்கமா வெறிச்சுப் பாப்பான். என்னமோ பேசுவான், வாயச் சப்புவான். கையி ஒரு மாதிரி இழுக்கும்." மாணவி கேட்டார்: "ஆறின தண்ணி ஊத்திப் பாத்திருக்கீங்களாம்மா?" தாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சளி பிடிச்சுக்குமே" என்றார்.

அந்த விடையில் நோயின் பெயர் இருந்தது. வெந்நீர் வலிப்பு என்று நரம்பியலில் இதற்குப் பெயர். உலகின் பிற பகுதிகளில் அரிதாக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதிவான இந்த வலிப்பு, செம்பு செம்பாகச் சுடுநீரைத் தலைக்கு ஊற்றும் வழக்கமுள்ள தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், மிகுதியாகக் காணப்படுகிறது. 1960களிலிருந்தே இந்திய நரம்பியல் மருத்துவர்கள் இதை எழுதத் தொடங்கிவிட்டார்கள். 1988இல் பெங்களூரிலிருந்து சதீஷ்சந்திராவும் உடன் பணியாற்றியோரும் 279 நோயாளிகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம், குழந்தைகளிடம் மிகுதி. பலருக்கு நீரின் சூட்டைக் குறைப்பதே போதும்; சிலருக்குத் தலைக்குளியலுக்கு முன் குளோபசாம் என்ற வலிப்புத் தடுப்பு மாத்திரை. வலிப்பு வரும்போது ஓர் இன்ப உணர்வு தோன்றுவதால் தாமாகவே மேலும் மேலும் வெந்நீர் ஊற்றிக்கொள்ளும் நோயாளிகளும் உண்டு என்று அந்தப் பதிவுகள் சொல்கின்றன; அதை முதலில் கேட்டறிந்த மருத்துவரின் பொறுமையை நினைத்துப் பார்க்கிறேன். எந்த ஸ்கேனும் சொல்லாத ஒன்றைச் சொன்னது அந்தத் தாயின் வாக்குமூலம். மாணவியின் இரண்டாவது வரைவில் செம்பின் எண்ணிக்கை வரை எல்லாம் இருந்தது. "குளிக்கும்போது" என்ற சொல் இல்லை.

சிகிச்சைத் தரப்பிலிருந்தும் ஒன்று பார்க்கலாம். பிரான்சின் போர்தோ நகரில் மூக்கில் பெரிய இரத்தநாளக் கட்டியுடன் ஒரு குழந்தை இருந்தது. பச்சிளங்குழந்தைகளுக்கு ஏற்படும் இக்கட்டிகள் பெரும்பாலும் தாமே சுருங்கிவிடும். ஆனால் கண்ணையோ மூச்சுப்பாதையையோ அடைக்கும் இடத்தில் வந்தால் காத்திருக்க முடியாது. வழக்கப்படி ஸ்டீராய்டு கொடுத்தார்கள். கட்டியின் வளர்ச்சி நின்றது, ஆனால் குழந்தைக்கு இதயத்தசை தடித்து இரத்த ஓட்டம் தடைபட்டது. இதயத்துக்காக ப்ரோப்ரனலால் என்ற பழைய மருந்தைத் தொடங்கினார்கள். மறுநாளே கட்டியின் கடுஞ்சிவப்பு ஊதாவாக மாறி, தொட்டால் மிருதுவாக இருந்தது. மருத்துவர்கள் இதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கட்டியின் நிறத்தையும் ஒருவர் பார்த்திருக்கிறார். கிறிஸ்டீன் லியோத்தே-லப்ரேஸும் உடன் பணியாற்றியோரும், இந்தக் குழந்தையையும் இன்னும் பத்துக் குழந்தைகளையும் பற்றி 2008 ஜூனில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதியது ஒரு சிறு கடிதம்தான்.

அந்தக் கடிதத்தில் நிறம் எந்த நாளில் மாறியது என்பது இருக்கிறது. மருந்தின் அளவு இருக்கிறது. ஏன் வேலை செய்தது என்பதற்குச் சில ஊகங்கள், ஊகங்களாகவே, இருக்கின்றன. பிறகு நிகழ்ந்தவை எல்லாம் பிரமிடின் மேல்தட்டுகளுக்கு உரியவை: 460 குழந்தைகளைக் கொண்டு நடத்திய சோதனை 2015இல் வெளியானபோது, ஆறு மாதம் மருந்து உண்டவர்களில் 60 விழுக்காட்டினருக்குக் கட்டி முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ மறைந்திருந்தது, போலி மருந்து பெற்றவர்களில் 4 விழுக்காட்டினருக்கு மட்டுமே. அந்தச் சோதனையை நடத்த வேண்டும் என்ற எண்ணமே அந்த ஊதா நிறத்திலிருந்து பிறந்தது. ப்ரோப்ரனலால் 1960களிலிருந்து மருந்துக்கடைகளில் கிடைத்துக்கொண்டிருந்தது என்பதையும் மறந்துவிடக்கூடாது.

கண்டதையும் கருதியதையும் பிரித்து எழுதியதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த மாதிரி 1981 ஜூன் 5இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழில் வந்த அறிக்கை. லாஸ் ஏஞ்சலஸின் மூன்று மருத்துவமனைகளில் ஐந்து இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் நிமோனியா, அதற்கு முன் நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்கள், இருவர் இறந்துவிட்டார்கள். இந்த நிமோனியா நோய் எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குன்றியவர்களுக்கு மட்டுமே வருவது என்பதுதான் அதுவரை அறிந்தது. ஐவரும் தற்பால் விருப்பமுடையவர்கள் என்பதையும், ஒருவரையொருவர் அறியாதவர்கள், பொதுவான தொடர்பாளர் எவரும் அறியப்படவில்லை என்பதையும் அறிக்கை பதிவு செய்கிறது. இறுதிக் குறிப்பில், பொதுவான ஏதோ ஒன்றுக்கு ஆளானதால் எதிர்ப்பாற்றல் குறைபாடு ஏற்பட்டிருக்கக்கூடும், பாலுறவு வழியாகத் தொற்றியதாகவும் இருக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. பின்னர் எய்ட்ஸ் எனப் பெயர் பெற்ற இந்நோய்க்கு எச்.ஐ.வி. வைரஸே காரணம் என்ற விடை 1983இல்தான் வந்தது. ஐந்தே பேரை வைத்துக்கொண்டு இதற்கு மேல் ஒரு சொல் சொல்லியிருந்தாலும் அது அதிகப்பிரசங்கித்தனமாகியிருக்கும்.

அடுத்த ஐந்து ஆண்டுகளில் அந்த அறிக்கையின் நிழல் சென்னைக்கு வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வேட்டுத் தலைப்பாக எச்.ஐ.வி. பரிசோதனையைக் கொடுத்தார். இந்தியாவில் அந்நோயே இல்லை என்று பலரும் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் இரத்தம் பெற்று, சீரத்தைப் பிரித்து, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, சென்னையில் பரிசோதனை வசதி இல்லாததால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார் நிர்மலா. 6 மாதிரிகளில் தொற்று தெரிந்தது. 1986இல் அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தபோதும் பலர் நம்பவில்லை. முதுநிலை ஆய்வேடு என்பது தேர்வுக்காக எழுதி, பைண்டு செய்து, துறை அலமாரியில் அடுக்குவதற்கான பொருள் என்று நினைக்கும் மாணவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. சொன்ன பிறகும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இனி எதிர்த்தரப்பு. 1998 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் மற்றவர்களும் 12 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்துப் பேச இடமளித்தது. 12 என்பது மிகச் சிறிய எண்ணிக்கை என்பதுதான் குற்றம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. 1981 அறிக்கையில் 5 பேர்தானே? வேக்ஃபீல்டின் கட்டுரையில் கெட்டுப்போயிருந்தது நீல வரிகள். குழந்தைகளின் மருத்துவமனைப் பதிவுகளும் கட்டுரையில் அச்சான விவரங்களும் பொருந்தவில்லை. அறிகுறிகள் எப்போது தொடங்கின என்பதே மாற்றி எழுதப்பட்டிருந்தது. வழக்கறிஞர் தரப்பிலிருந்து வந்த பணம் மறைக்கப்பட்டிருந்தது. 2010இல் இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. விளக்கம் தவறினால் அடுத்தவர் திருத்திவிடலாம். கண்டதாகச் சொன்னதே பொய்யென்றால் திருத்துவதற்கு அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை.

இரண்டும் ஒரே மனிதரிடம் நிகழ்ந்ததும் உண்டு. ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைட் 1961 டிசம்பரில் லான்செட்டுக்கு எழுதிய கடிதம் சில வரிகளே கொண்டது. கர்ப்ப காலத்தில் தாலிடோமைடு என்ற மருந்தை உண்ட பெண்களின் குழந்தைகள் கடுமையான உறுப்புக் குறைபாடுகளோடு பிறப்பதைத் தாம் கண்டதாகச் சொல்லி, வாசகர்களில் வேறு யாரேனும் இவ்வாறு கண்டதுண்டா என்ற கேள்வியோடு முடிகிறது. கேள்வியோடு முடிந்ததுதான் அதன் அழகு. ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸும் அதே சமயத்தில் அதே முடிவுக்கு வந்திருந்தார். புகழ் வந்த பிறகு மெக்பிரைட் இன்னொரு மருந்தின் மீது குற்றம் சாட்டினார். இம்முறை முயல்களில் நடத்திய சோதனையின் விவரங்களைப் பொய்யாக மாற்றியது நிரூபணமாகி 1993இல் மருத்துவர் பதிவை இழந்தார். முதல் முறை கண்ணை நம்பியவர், இரண்டாம் முறை தம் முடிவை முன்கூட்டியே நம்பிவிட்டார்.

பொய்யே இல்லாமலும் ஓர் அறிக்கை சிதையலாம். 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தின் கேவண்டிஷ் ஊரருகே ரயில்பாதைக்குப் பாறை தகர்க்கும் வேலையில், மூன்றடி ஏழங்குல நீளமும் ஏறத்தாழ 6 கிலோ எடையும் கொண்ட இரும்புக் கம்பி ஃபினியஸ் கேஜின் இடது கன்னத்தின் வழியே புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது, அவர் பிழைத்தார். சிகிச்சை அளித்த ஜான் ஹார்லோ அதே ஆண்டில் எழுதிய அறிக்கை காயம், காய்ச்சல், சீழ் பற்றியது. குணம் மாறியதைப் பற்றி அவர் விரிவாக எழுதியது இருபது ஆண்டுகள் கழித்து, 1868இல்; கேஜ் அதற்குள் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நண்பர்கள் "இவர் பழைய கேஜ் இல்லை" என்று சொன்னதாக அதில் வருகிறது. அந்தச் சில பத்திகளிலிருந்து பிற்காலத்தவர் ஒரு குடிகாரனையும் ஊர்சுற்றியையும் எந்த வேலையிலும் நிலைக்காத முரடனையும் உருவாக்கிப் பாடப்புத்தகங்களில் உலவவிட்டார்கள். ஆனால் கேஜ் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரைகளைப் பராமரித்து, ஆறு குதிரை பூட்டிய வண்டியை ஓட்டினார் என்பதும் அதே ஹார்லோவின் அறிக்கையில்தான் இருக்கிறது. முன்மூளை சிதைந்தவர் அயல்நாட்டில் ஆறு குதிரைகளை அடக்கி ஓட்டினார் என்றால் மூளை எவ்வளவு தூரம் மீளக்கூடியது என்ற கேள்வி அங்கே எழுந்திருக்க வேண்டும். அந்த வரியை நூறாண்டுக்கு மேலாக வாசித்தவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். அது அவர்கள் சொல்ல விரும்பிய கதைக்குப் பயன்படவில்லை.

இத்தனைக்கும் நடுவில் நோயாளி என்ற ஆள் ஒருவர் இருக்கிறார். 1822இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் துப்பாக்கி வெடித்துக் காயம்பட்ட அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினுக்கு வயிற்றில் விழுந்த துளை மூடவே இல்லை. இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அந்தத் துளையின் வழியே பட்டு நூலில் கட்டிய இறைச்சித் துண்டுகளை இறக்கியும் இரைப்பை நீரை எடுத்தும் பல ஆண்டுகள் சோதனை செய்து 1833இல் வெளியிட்ட நூல், செரிமானம் பற்றிய அறிவின் அடிக்கல். செயின்ட் மார்ட்டின் கூலிக்கு ஒப்பந்தம் செய்யப்பட்ட ஏழைத் தொழிலாளி. ஒன்றுக்கு மேற்பட்ட முறை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். அவர் 1880இல் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக, உடல் அழுகும் வரை வைத்திருந்து ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள் குடும்பத்தினர். புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் உடற்கூறாய்வுக்கு விரும்பியும் நடக்கவில்லை. குடும்பத்தினர் மீது எனக்குக் குறை இல்லை.

இன்று ஒப்புதல் படிவம் உண்டு; எங்கள் மருத்துவமனையில் தமிழில் அச்சிட்டது. அதை வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ பெற்று, கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குத்திவிடுகிறோம். ஆனால் தாளில் ஊரின் பெயரும் தொழிலும் வயதும் அரிய நோயும் ஒன்றாக அச்சானால், பெயரை மறைத்தும் பயனில்லை. சிறிய ஊரில் அந்த ஆள் யாரென்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். எனவே விவரத்துக்கும் மறைவுக்கும் நடுவே ஒரு இழுபறி எப்போதும் உண்டு. நோய்க்குத் தொடர்புள்ள விவரம் எதையும் விடக்கூடாது, தொடர்பில்லாத எதுவும் வரக்கூடாது என்று மாணவர்களிடம் சொல்வேன். எது தொடர்புள்ளது என்பது சில நேரம் பல ஆண்டுகள் கழித்தே தெரியும் என்பதால் இதை விதி என்று சொல்லவும் தயக்கம்தான். நோயாளி அறிக்கைகளை எழுதுவதற்காக 2013இல் வெளியான கேர் வழிகாட்டி நெறிகள், நோயாளியின் பார்வை என்ற பகுதியும் அறிக்கையில் இடம்பெற வேண்டும் என்கின்றன. என் மேசைக்கு வரும் வரைவுகளில் அந்தப் பகுதி பெரும்பாலும் ஒரே வரி: "சிகிச்சையில் நோயாளி திருப்தி தெரிவித்தார்." வெந்நீர் வலிப்புச் சிறுவனின் தாய் "சளி பிடிச்சுக்குமே" என்று சொன்னதை அந்த இடத்தில் அப்படியே எழுதச் சொன்னேன், சூட்டைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை வீட்டில் ஏன் நிற்காது என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்க முடியாது.

கண்டதைச் சரியாக எழுதிவைத்தால் விளக்கத்துக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதற்கு ஓர் எல்லை கிடையாது. 1894இல் சார்லஸ் பிரவுன் என்ற மருத்துவர் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார்: செவித்திறன் குறைந்து, முகமும் நாக்கும் தொண்டையும் தளர்ந்து, கைகால் தசைகள் மெலிந்துகொண்டே போன நோய். 1936இல் இத்தாலியில் வியலெட்டோவும், 1966இல் பெல்ஜியத்தில் வான் லேரும் அதே சித்திரத்தை எழுதினார்கள். மூவர் பெயரும் சேர்ந்து நோய்க்குப் பெயரானது. அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. 2010இல் ஒரு மரபணுக் குறை கண்டறியப்பட்டது. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் வேலை, ரைபோஃபிளேவின் எனப்படும் பி2 வைட்டமினை உயிரணுக்களுக்குள் கொண்டுசேர்ப்பது. அடுத்த ஆண்டே அந்த வைட்டமினை அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். சில குழந்தைகள் தேறினார்கள்.

சென்னையிலிருந்து மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும் 1970இல் எழுதிய இளம் நோயாளிகளின் சித்திரமும் இதற்கு நெருக்கமானது: இளவயதில் தொடங்கி மெல்ல வளரும் தசை மெலிவு, முகத்திலும் தொண்டையிலும் தளர்ச்சி, பலருக்குச் செவித்திறன் இழப்பு, ஆனால் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோகும் வழக்கமான இயக்க நரம்பணு நோயைப் போலச் சில ஆண்டுகளில் உயிரைப் பறிக்காமல் நீண்டகாலம் வாழவிடும் போக்கு. மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய் என்றே அதற்குப் பெயர். பிரவுன் கண்டதும் இவர்கள் கண்டதும் ஒன்றல்ல. சென்னைச் சித்திரத்துக்குப் பெரும்பாலும் குடும்ப வரலாறு இருப்பதில்லை, காரணமும் இன்னும் தெளியவில்லை. ஆயினும் காது மந்தமாகி, முகமும் நாக்கும் தளர்ந்து ஓர் இளைஞனோ இளைஞியோ வந்தால், வைட்டமின் குறைபாட்டு வகையாக இருக்கலாம் என்ற ஐயம் எழும்போதே, மரபணுச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் ரைபோஃபிளேவினைத் தொடங்கிவிடுவது இப்போது நரம்பியல் மருத்துவர்களின் வழக்கமாகியிருக்கிறது. சென்ற மாதம் அப்படி ஒருவரை நரம்பியல் பிரிவுக்கு அனுப்பும் கடிதத்தில், முதலாண்டு மாணவர் ஒருவர் "கேட்கும் திறன் குறைவு: தொலைபேசியை இடது காதில் வைப்பதை நிறுத்திவிட்டார், சுமார் மூன்று வருடமாக" என்று எழுதியிருந்தார். அந்த வரியின் அடியில் நீலக் கோடு போட்டு அப்படியே அனுப்பச் சொன்னேன்.